சாராயத்தில் பிழைத்த ராமபாணம்

என் பெயரோடு அச்சான முதல் கட்டுரை ஒரு பூச்சியைப் பற்றியது. பதினோரு பக்கம். மீசையில் எத்தனை கணு, காலில் எத்தனை முள், வயிற்றின் எந்த வளையத்தில் எத்தனை மயிர் என்று எண்ணி எண்ணி எழுதியிருந்தேன். என் சொந்தத் தங்கையே முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. "இதுக்காக்கா ரெண்டு வருசம் வௌவால் குகையில பூந்துக்கினு இருந்தே?" என்று கேட்டாள். இதற்குத்தான் என்றேன்.

அந்தக் கட்டுரையின் கடைசியில், வழக்கப்படி, நன்றி சொல்லும் பத்தி ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்த்த திருப்பதிக் கல்லூரிக்கு நன்றி. பூச்சியைச் சோதித்துச் சொன்ன சென்னை நிபுணருக்கு நன்றி. குகைக்குள் லாந்தர் பிடித்த என் நைனாவுக்கு நன்றி. முதலில் இருக்க வேண்டிய ஓர் ஆள் மட்டும் அதில் இல்லை. இருந்திருந்தால் அவளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கும், பின்னாலேயே என்னையும். விட்டுப்போன அந்த வரியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பழைய புத்தகத்தைப் பிரித்தால் வெள்ளிப் பொட்டு போல ஒன்று சரசரவென்று ஓடி மறையுமே, அதுதான் ராமபாணம். காகிதத்தில் இருக்கும் பசையைத் தின்று உயிர் வாழ்வது. நான் சொல்லும் பூச்சி அதன் பங்காளி. ஆனால் வீட்டுப் பூச்சிக்கு இருக்கும் வெள்ளிச் செதில் இதற்குக் கிடையாது, கண்ணும் கிடையாது. குகை இருட்டில் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அரிசி மணியைவிடச் சற்று நீளமாக, வேகாத சேமியா நிறத்தில், உடம்பைவிட நீண்ட மீசையோடும் மூன்று வாலோடும் வௌவால் எருவுக்குள் திரிந்துகொண்டிருந்தது.

அந்தக் குகை எனக்குப் பிறந்த வீட்டுச் சீதனம் மாதிரி. புத்தூருக்குப் பக்கத்து மலையில், ஓடை ஒன்றின் மேலே இருந்தது. எங்களுக்குச் சொந்தமாகக் கைப்பிடி மண் கிடையாது. நைனா கூலிக்காரர். ஒவ்வொரு வருஷமும் மாசியிலிருந்து பங்குனி வரை நிலக்காரர்களின் கரும்புக்கும் கத்திரிக்கும் அந்தக் குகையிலிருந்து வௌவால் எரு அள்ளி, கூடை கூடையாகக் கீழே இறக்குவார். சின்ன வயதில் நானும் கூடை சுமந்திருக்கிறேன். உள்ளே போனால் கண் எரியும், மூக்கு எரியும், தலைமேல் ஆயிரம் வௌவால் கீச்சிடும். ஹாஸ்டலில் தங்கி நான் படித்து, திருப்பதியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தபோது, "குகை நாத்தம் போயி தவளை நாத்தம் வந்துச்சி" என்று நைனா சிரித்தார்.

டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் பெயர்தான் பெரிது. தவளையைக் குண்டூசி குத்தி வைக்க வேண்டும், மாணவிகள் போன பிறகு தட்டுகளைக் கழுவி வைக்க வேண்டும். தற்காலிக வேலை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி கூப்பிட்டால்தான் உண்டு. ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்து நீ எழுதினால் ஆராய்ச்சிக்கு இடம் கேட்கலாம் என்று எங்கள் துறைத் தலைவி சொல்லியிருந்தார். அதிலிருந்து அந்தப் பூச்சியே எனக்குப் பித்தாகிவிட்டது.

கிடைத்த இரண்டு பூச்சிகளைக் கல்லூரி வழியாகச் சென்னைக்கு அனுப்பினேன். நிபுணர் பதில் எழுதினார். இது இதுவரை யாரும் விவரிக்காத இனமாக இருக்கலாம், ஆனால் நீங்கள் அனுப்பிய இரண்டும் பெண். இந்த வகைப் பூச்சியில் ஆணின் வால்பக்கத்து உறுப்பைப் பார்க்காமல் இனத்தைச் சொல்ல முடியாது. ஆண் இல்லாத விவரணை பாதிப் பூச்சிதான் என்று எழுதியிருந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் பூச்சி விஷயத்தில்கூட ஆம்பிளை வந்து கையெழுத்துப் போட்டால்தான் செல்லுமா என்று கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி, நோட்டுக்குள் வைத்தேன். அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரியும்.

இரண்டு வருஷம் தேடினேன். கண்ணாடி ஜாடியின் வெளிப்புறம் துணி சுற்றி, உள்ளே அரிசிப் பசை தடவிய காகிதம் போட்டு எருவுக்குள் புதைத்து வைப்பேன். துணியைப் பிடித்து ஏறி உள்ளே விழும் பூச்சிக்கு வழுக்குகிற கண்ணாடியில் திரும்ப ஏறத் தெரியாது. "ஊருல ஆத்தாளுக்குக் கூழு ஊத்துவாங்க, எம்பொண்ணு பூச்சிக்கு ஊத்திக்கினு கீது" என்று நைனா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். விழுந்ததெல்லாம் கரப்பான் குஞ்சு. ஒன்றிரண்டு ராமபாணம் விழுந்தால் அதுவும் பெண்ணாகவே இருக்கும். எரு அள்ளி முடிந்துவிட்டால் குகைத் தரை வெறும் பாறைதான். மறுபடி எரு சேர்ந்து பூச்சி பெருக மாதக்கணக்காகும்.

மூன்றாம் வருஷம் பங்குனியில், எரு அள்ளுவதன் கடைசி நாளில், ஜாடி ஒன்றில் ஆண் விழுந்தது. கையடக்க லென்ஸில் பார்த்து, நம்பாமல் வெளிச்சத்துக்கு ஓடி வந்து மறுபடி பார்த்தேன். கோழி இறகின் நுனியால் அதை எடுத்து, இருமல் மருந்துப் பாட்டிலில் பாதி அளவு இருந்த ஸ்பிரிட்டில் போட்டேன். சின்னக் குழாயில் இட்டுப் பஞ்சு அடைத்து, அந்தக் குழாயைத்தான் பாட்டிலுக்குள் வைக்க வேண்டும் என்பது முறை. பஞ்சு பட்டு மீசை உடைந்துவிடுமோ என்று பயந்து, அப்படியே மிதக்க விட்டேன். அது என் முதல் தப்பு.

நிபுணர் மறுவாரம் கப்பலேறி வெளிநாடு போகிறார் என்று கடிதம் வந்திருந்தது. அங்கே பெரிய மியூசியத்தில் இருக்கும் பழைய மாதிரிகளோடு நம் பூச்சியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதை விட்டால் அவர் திரும்ப இரண்டு வருஷம் ஆகும். போவதற்கு முன் பேத்திக்கு முடி இறக்கத் திருத்தணி வருவதாகவும், முடிந்தால் அங்கே கொண்டுவந்து கொடுக்கும்படியும் எழுதியிருந்தார். தபாலில் ஸ்பிரிட் அனுப்ப முடியாது. நானே எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது எங்கள் பக்கம் மதுவிலக்கு. கல்லூரி ஆய்வகத்து ஸ்பிரிட்டுக்குக்கூடப் பர்மிட் வேண்டும். அதை வெளியே எடுத்துப் போகத் தனிப் பர்மிட். சித்தூர் ஆபீசில் அதற்காக நான் முந்தின வருஷம் பாதி நாள் நின்றேன். எழுதித் தந்த குமாஸ்தா, "புருகுலகு கூடா மந்தா அம்மா?" என்று கேட்டு, பூச்சிக்குக்கூடச் சரக்கா என்று பக்கத்து மேஜைக்காரரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார். 'சித்தூர் ஜில்லா எல்லைக்குள் மட்டும்' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நான் அலட்டிக்கொள்ளவில்லை. திருத்தணி சித்தூர் ஜில்லாவில்தானே இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

ஆந்திர ராஜ்யம் பிரிந்த நாளிலிருந்து எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று டீக்கடையில் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பாதி வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிறவர்கள். எந்தப் பக்கம் போனாலும் எரு எருதான் என்று நினைப்பேன். எல்லை முடிவாகி, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், சரியாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. செய்தி எனக்குத் தெரியும். பேப்பரில் படித்தேன். படித்ததையும் பையில் இருந்த பர்மிட்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கத்தான் புத்தி வரவில்லை. இது இரண்டாவது தப்பு, எல்லையோரத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ரயிலைத் தவறவிட்டு, புத்தூரில் பஸ் ஏறினேன். நகரியில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். நல்ல பருத்த உடம்பு. இருவர் உட்காரும் சீட்டில் ஒன்றரைப் பங்கு அவளுக்கே வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் வெற்றிலை மடித்து எனக்கும் நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"எங்கம்மா போய்க்கினு கீறே?"

"திருத்தணிக்குக்கா."

"சாமிக்கா?"

"இல்ல, பூச்சிக்கு" என்று, நான் காலேஜ் டீச்சர் என்பதையும் சொல்லி, மடியில் இருந்த பையைத் திறந்து பாட்டிலைக் காட்டினேன். சந்தோஷத்தில் இருந்தேன், யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. அவள் பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாது, அரிசி மெதக்குது?"

"ராமபாணம். மலைக் குகையில இருக்கறது. இது ஆம்பிளை. ரெண்டு வருசமா தேடிக்கினு இருந்தேன், இன்னிக்குத்தான் கெடைச்சான்."

"ஆம்பிளைய பாட்டில்ல போட்டு மூடிகினு போறியா? கெட்டிக்காரிதான்" என்றாள். முன் சீட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பிச் சிரித்தார்கள்.

பெயர் என்ன என்று கேட்டேன். "பேரு எதுக்கும்மா? போலீஸ்காரனுக்கே ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொரு பேரு சொல்லிக்கினு கீறேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

நகரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், போன மாதம் வரை ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு புளியமரத்தடியில் சாலைக்குக் குறுக்கே மூங்கில் கழி கட்டியிருந்தார்கள். பஸ் நின்றது. ஏட்டு ஒருவரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் ஏறினார்கள். பக்கத்தில் இருந்தவளின் கை என் தொடையை இறுகப் பிடித்தது. "இது எப்ப வந்துச்சி?" என்று முணுமுணுத்தாள். அவள் உடம்பு கட்டை மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் அவள் இடுப்பின் பருமனில் சதைக்குரிய குழைவு இல்லை என்பது எனக்குப் பட்டது. சேலைக்குள் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தாள். அதில் என்ன இருக்கும் என்று எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பெண் போலீஸ் இல்லாததால் பெண்களின் மூட்டையை மட்டும் சோதித்தார்கள். அவள் மூட்டையில் இருந்தது முறுக்கு. என் பையில் இருந்தது பாட்டில். கான்ஸ்டபிள் தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "ஏட்டய்யா, இங்க ஒண்ணு" என்றார்.

பர்மிட்டை நீட்டினேன். கீழே இறங்கச் சொல்லி, மரத்தடியில் நின்று ஏட்டு அதை இரண்டு முறை படித்தார். நரைத்த மீசை, நிதானமான ஆள்.

"திருத்தணி எந்த ஜில்லாம்மா?"

"சித்தூர்" என்றேன், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி.

"செங்கல்பட்டு. போன வாரத்துலேருந்து. நீங்க நிக்கிற இடமும் அதேதான். இந்தச் சீட்டு இங்க செல்லாது."

பஸ் ஜன்னல்களில் எல்லாம் தலை. டீச்சர் சரக்கோடு மாட்டிக்கொண்டாள் என்று மறுநாளே புத்தூர் வரை பேச்சு போய்விடும். ஏட்டு நல்லவர், அதை இப்போதும் சொல்கிறேன். "கேஸ் எழுதினா உங்க வேலை போயிடும். படிச்ச பொண்ணு. கொட்டிடறேன், வெறும் பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை வீசிப் பாட்டிலைக் கவிழ்த்தார். ஸ்பிரிட் செம்மண்ணில் வளைவாகத் தெறித்து விழுந்தது.

"அதுல பூச்சி இருக்குது சார்" என்றேன்.

ஏட்டு பாட்டிலுக்குள் பார்த்தார், தரையைப் பார்த்தார். மனிதருக்கு முகம் மாறிவிட்டது. பங்குனி வெயில். ஸ்பிரிட் விழுந்த ஈரம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து, மண் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. எங்கே கொட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. நான் முழந்தாளிட்டு உட்கார்ந்தேன். அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு வருஷத் தேடல் அந்தச் சரளையில் எங்கோ வெந்துகொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கி வந்தார், அவர் பின்னால் நாலு பேர். ஆளுக்கொரு பக்கம் காலை வைத்துக் குனிந்தார்கள்.

"யாரும் கால எடுத்து வக்காதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க."

அவள்தான். அத்தனை டியூபையும் இடுப்பில் சுற்றிக்கொண்டு, மூன்று போலீஸ்காரர்கள் நிற்கிற இடத்துக்கு இறங்கி வந்திருந்தாள். குனிய முடியாது, பிதுங்கும். அதனால் மெதுவாகக் குந்தி உட்கார்ந்தாள். தரையில் ஒரு சிட்டிகை மண் எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். உதறினாள். ஒரு முழம் நகர்ந்து மறுபடி ஒரு சிட்டிகை. மூன்றாவது முறை, "இங்கதான் உழுந்திருக்குது. இதோ, இந்த வளைவுல" என்று விரலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள். காய்ந்துபோன மண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிட்டை அவள் மூக்கு வரைந்து கொடுத்தது.

ஏட்டு அவளையே பார்த்தார். "உனக்கு எப்படிம்மா தெரியுது?"

"எங்கூட்டுக்காரன் குடிச்சிட்டு எங்க உழுந்து கெடக்கறான்னு தெனமும் நான்தானே மோந்து கண்டுபுடிக்கிறேன்" என்றாள். ஏட்டு உட்படச் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அவள் போட்ட கோட்டின் ஓரமாகவே தேடினேன். புளியம்பழ ஓடு ஒன்றின் குழிவுக்குள் கிடந்தது. மீசை இரண்டும் இருந்தன. மூன்று வாலில் ஒன்று இல்லை. கோழி இறகால் எடுத்துப் பாட்டிலில் போட்டு, அத்தனை பேரையும் கும்பிட்டேன். ஏட்டு தாமே மூங்கில் கழியைத் தூக்கிவிட்டார்.

பஸ் கிளம்பிய பிறகுதான் அடுத்த கவலை. வெறும் பாட்டிலில் பூச்சி சுருங்கத் தொடங்கியிருந்தது. மெல்லிய உடம்பு, காய்ந்து சுருண்டால் நிபுணர் பார்க்க வேண்டிய உறுப்பு தூளாகிவிடும். திருத்தணி போய்ச் சேர இன்னும் நேரம் இருந்தது.

"தண்ணி ஊத்தி வையேன்" என்றாள்.

"தண்ணியில அழுவிப் போயிடும்க்கா. ஸ்பிரிட்தான் வேணும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஸ்டாப்பிங் போனது. அவள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். ஏற்கெனவே இரண்டு முறை உள்ளே போய் வந்தவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பஸ்ஸில் வாசனை கிளம்பி, யாராவது ஒருவன் காட்டிக்கொடுத்தால் போதும். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த ஒருத்தியின் பூச்சிக்காக அவள் எதையும் செய்ய வேண்டியதில்லை. திரும்பி, முந்தானையை என் மடிமேல் போர்த்தி, "பாட்டில உள்ள நீட்டு" என்றாள்.

எனக்குப் புத்தி எப்படிப் போகிறது பாருங்கள். அந்த நிலையிலும், "தண்ணி கலந்ததாக்கா?" என்று கேட்டேன். வீரியம் குறைந்தால் பூச்சி கெட்டுவிடும் என்ற கவலை.

அவளுக்கு வந்ததே கோபம். "நான் தண்ணி கலக்கறவ இல்ல. மொத வடி இது. குச்சி கிழிச்சா நீலமா எரியும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஆய்வகத்தில் நாங்கள் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் அதே சோதனைதான். முந்தானைக்குள் டியூபின் முடிச்சைத் தளர்த்தி, பால் கறப்பது போல இரண்டு முறை அழுத்தினாள். பாட்டில் பாதி நிறைந்தது. தக்கையை அடைத்தேன். சுருங்கிக்கொண்டிருந்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி நிமிர்ந்து மிதந்தது.

வாசனை கிளம்பத்தான் செய்தது. கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கள் சீட்டருகே வந்து நின்றார். அவள் அசரவில்லை. "டீச்சரம்மா பாட்டிலுதாம்பா. போலீசே பாத்து உட்டது" என்றாள். கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அதுவரை செல்லாத பர்மிட் வைத்திருந்த நிரபராதி நான். அந்த நிமிஷத்திலிருந்து கள்ளச் சாராயம் கடத்துகிறவள்.

திருத்தணியில் இறங்கியதும் திரும்பிப் பார்த்தேன், அவள் கூட்டத்தில் போய்விட்டாள். நிபுணர் மலைப்படி அடியில் மேல்துண்டோடு நின்றிருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பேத்தி அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பாட்டிலைத் திறந்தார். தலையைப் பின்னால் இழுத்தார்.

"இது ரெக்டிஃபைட் ஸ்பிரிட் இல்லையேம்மா."

"இல்லை சார்."

"அப்புறம்?"

"நாட்டு ஸ்பிரிட்."

மேலே கோயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சந்தன விரலைத் துண்டில் துடைத்துவிட்டு லென்ஸை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆண்தான். நன்றாக இருக்கிறது" என்றார். விபூதிப் பிரசாதத்துக்குப் பக்கத்தில் பாட்டிலை நிற்கவைத்துப் பையை மூடினார். நான் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மழைக்காலத்தில் கடிதம் வந்தது. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். உலகத்தில் யாரும் விவரிக்காத இனம். எழுதலாம் என்றார். எழுதினேன். ஒடிந்துபோன வாலை மட்டும் படத்தில் புள்ளிக்கோடாகப் போட்டேன், இல்லாததை இருப்பதாக வரையக் கூடாது என்பது முறை. பூச்சி கெடாமல் வைக்கப்பட்ட திரவம் என்ற இடத்தில், பழக்கதோஷத்தில் 'ரெக்டிஃபைட் ஆல்கஹால்', அதாவது சுத்திகரித்த ஆல்கஹால், என்று எழுதியிருந்தேன். கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தபோது அவர் 'ரெக்டிஃபைட்' என்ற ஒரு சொல்லை மட்டும் பென்சிலால் அடித்திருந்தார்.

இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை எழுதுகிறவருக்கு. நைனாவின் பெயரை வைக்கலாம் என்று துறைத் தலைவி சொன்னார். நைனாவிடம் கேட்டேன். நடந்ததை எல்லாம் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். "எம்பேரு எதுக்கு? எருவ அள்ளினது கூலிக்கு. அந்தம்மா ஒண்ணுக்கும் இல்லாம எறங்கி வந்துச்சே" என்றார். அவள் பெயர் எனக்குத் தெரியாதே. லத்தீனில் வழித்துணையாக வந்த பெண் என்று பொருள் வரும் ஒரு சொல்லைத் தேடி அதையே வைத்தேன். இந்தப் பெயர் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். 'பக்கத்து இருக்கையில் வந்தவருக்காக' என்று மட்டும் எழுதினேன். ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் தவளைத் தட்டு கழுவவில்லை.

கட்டுரையின் பிரதி ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொண்டு அந்த பஸ்ஸில் எத்தனையோ முறை போனேன். பருத்த பெண்களை எல்லாம் உற்று உற்றுப் பார்த்து இரண்டு பேரிடம் திட்டும் வாங்கினேன். வருஷங்கள் போயின. ஒரு நாள் நகரிச் சந்தையில் கீரை வாங்கக் குனிந்தபோது, கீரைக்காரி என் முகத்தையே பார்த்தாள். ஒட்டி உலர்ந்த உடம்பு.

"ஆம்பிளைய பாட்டில்ல வச்சிக்கினு போன டீச்சரம்மாதானே?"

டியூபைக் கழற்றிவிட்டால் அவள் ஒல்லி என்ற சின்ன விஷயம் எனக்கு அத்தனை வருஷம் தோன்றவே இல்லை. பூச்சியின் மயிரை எண்ணுகிற கண். நானும் ஒரு படித்தவள். கீரைக் கட்டுகளைத் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். தொழிலை விட்டுவிட்டாளாம். எல்லையை நடுவில் கொண்டுவந்து வைத்த பிறகு இரண்டு பக்கத்துப் போலீசுக்கும் பயப்பட முடியவில்லை என்றாள். கட்டுரையை எடுத்துப் படத்தைக் காட்டினேன். ஈரக்கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"இந்த வாலு மட்டும் ஏன் புள்ளி புள்ளியா கீது?"

"அது அன்னிக்கு ஒடைஞ்சி போச்சுக்கா."

"இன்னும் கொஞ்சம் தேடியிருக்கலாம்" என்றாள், தன் தப்பு போல.

பெயர் அச்சாகியிருந்த இடத்தில் என் விரலை வைத்தேன். "இது நீங்கதான். உங்க பேரு தெரியாததால கூட வந்தவங்கன்னு போட்டுக்கீறேன். இந்தப் பூச்சிய எந்த நாட்டுல யாரு எடுத்தாலும் இந்தப் பேரச் சொல்லித்தான் ஆவணும்."

அவள் அந்த எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "போலீஸ் இத படிக்குமா?" என்று கேட்டாள்.

"பூச்சி படிக்கிறவங்க மட்டும்தான் படிப்பாங்க."

சந்தையை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்து இழுத்து, காதருகே வாயை வைத்து, தன் சொந்தப் பெயரைச் சொன்னாள். "எந்த ஏட்டுகிட்டயும் சொல்லாத பேரு இது. உங்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

என்னிடமே இருக்கிறது. இங்கேயும் எழுதவில்லை.